ஏணையிலை படுக்கிறவைக்குக் கூதல் கீழாலைதான் வரும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் முல்லைத்தீவிலை முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழை வயல் செய்யிறன். காலபோகத்திலை, அதுதான் மாரி மழையோடை செய்யிற போகத்திலை, நெல்லு கதிர் விடத் தொடங்கினால் வெட்டி முடியுமட்டும் எங்களுக்கு இரவுப்படுக்கை வயலிலைதான், பன்றியும் யானையும் வாற பக்கம், ஒரு இரவு ஆள் இல்லாட்டி விடிய வந்து பாக்க ஒண்டும் மிஞ்சியிராது. ஒவ்வொரு மார்கழியும் குளிர் கூடினவுடனை சின்னப்பிள்ளையளை எப்பிடிப் பாக்கோணும் மாடுகளை எங்கை கட்டோணும் எண்டெல்லாம் பேப்பரிலை வருது, நல்ல விசயம், ஆனால் வெட்டையிலை காவல் படுக்கிறவை என்னத்தை உடுத்திக்கொண்டு படுக்கிறது எண்டு நான் ஒருக்காவும் வாசிக்கேல்லை, அதாலைதான் இந்தக் கடிதம்.

முந்திப் பரண்தான். இப்ப கனபேர் ஏணை கட்டுறம், பிள்ளையளுக்குக் கட்டுற ஏணை இல்லை, பெரியாக்கள் படுக்கிற நைலோன் துணி ஏணை, ரெண்டு பாலை மரத்துக்கு நடுவிலை கட்டி மேலை தரப்பாளை இழுத்து நுளம்பு வலையையும் போட்டுட்டால் விரியன் புடையன் பாம்புப் பயம் இல்லாமல் படுக்கலாம். கூதல்தான் பிரச்சினை. எங்கடை பக்கம் தையிலை விடியப்புறம் 20 பாகைக்குக் கிட்ட இறங்கும், வெளிநாட்டிலை இருக்கிற சொந்தக்காரர் இதைக் கேட்டால் இதெல்லாம் ஒரு குளிரோ எண்டுவினம், அவை ஒருக்கா வந்து வாடைக்காத்து அடிக்கேக்கை ஈரச் சாரத்தோடை ஏணையிலை படுத்துப் பாக்கோணும்.

போன தையிலை நடந்ததைச் சொல்லுறன். என்ரை பெரியப்பாவுக்கு 68 வயசு, கனடாவிலை இருந்து மகன் ஒரு ஜக்கெற் அனுப்பினவன், உள்ளுக்கு வாத்து இறகு அடைச்சு பொம்மெண்டு இருக்கும், அதைப் போட்டுக்கொண்டு இனி எனக்கென்ன எண்டு ஏணையிலை படுத்திட்டார். சாமம் ரெண்டு மணி போலை சத்தம் கேட்டு ரோச் அடிச்சால் மனுசன் எழும்பிக் குந்திக்கொண்டிருக்கிறார், பல்லுக் கிடுகிடுக்குது, விரல் விறைச்சு ஜக்கெற்றின்ரை சிப்பை இழுக்கேலாமல் நிக்கிறார். நெஞ்சிலை கை வச்சுப் பாத்தன், நல்ல சூடு. முதுகைத் தடவினால் ஜக்கெற் அந்த இடத்திலை பேப்பர் மாதிரி தட்டையாக் கிடக்கு, நாரியும் பின்தொடையும் தண்ணிக்குள்ளை இருந்து எடுத்த மாதிரி. அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது. உடுப்புச் சூடு தாறது துணியாலை இல்லை, அதுக்குள்ளை நிக்கிற காத்தாலை. ஏணையிலை படுக்கேக்கை உடம்புப் பாரம் முழுக்க முதுகுப்பக்கத்துத் துணியை நெரிக்குது, உள்ளுக்கு நிண்ட காத்து போயிடும், பிறகு எவ்வளவு மொத்த ஜக்கெற் எண்டாலும் கீழ்ப்பக்கத்துக்கு அது ஒரு சேட்தான். கட்டிலிலை படுத்தால் கீழை மெத்தை இருக்கு, ஏணைக்குக் கீழை காத்துத்தான் இருக்கு, அது விடியவிடிய ஓடி முதுகுச் சூட்டைக் கொண்டுபோகுது. தைப்பனி தரையைத் துளைக்கும் எண்டு சொல்லுவினம், ஏணையிலை அது முதுகைத் துளைக்கும்.

அதாலை மேலுக்கு என்ன போடுறது எண்டு யோசிக்க முதல் கீழுக்கு என்ன எண்டு பாருங்கோ. நாங்கள் இப்ப செய்யிறது இதுதான், ரெண்டு யூரியாப் பையைக் கழுவிக் காயவிட்டு ஒண்டாத் தைச்சு, போன போகத்து நல்லாக் காய்ஞ்ச வைக்கலை உள்ளுக்கு அடைச்சு, நாலு மூலையிலையும் கயிறு போட்டு ஏணைக்கு வெளியாலை அடிப்பக்கத்திலை கட்டுறது. இறுக்கிக் கட்டக்கூடாது, ஏணையிலை ஆள் ஏறினாப் பிறகு பை முதுகுத்துணியை மெல்லமாத் தொட்டுக்கொண்டு நிக்கோணும், நெரிபட்டால் வைக்கலும் அந்த ஜக்கெற் மாதிரித்தான் போயிடும், இடைவெளி விட்டால் காத்துப் பூந்திடும். தோளிலை இருந்து முழங்கால் மட்டும் வந்தால் காணும். வெளிநாட்டிலை ஏணையிலை படுக்கிறவை இதுக்கெண்டே தைச்ச போர்வையை அடியிலை கட்டுறவையாம், எங்களுக்கு வைக்கல் இருக்கு. ஒண்டைக் கவனியுங்கோ, நுளம்புத்திரியையும் யானை கலைக்கிற வெடியையும் அந்தப் பைக்குக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ. கூதலுக்கு ஏணைக்குக் கீழை தணல் வைக்கிறவையையும் கண்டிருக்கிறன், நைலோன் உருகித் தோலிலை ஒட்டினால் பிறகு ஆஸ்பத்திரிதான்.

உடுப்பிலை முதல் காரியம், வயலுக்கு வந்த உடுப்போடை படுக்கிறேல்லை. வரம்பாலை நடந்து வரேக்கை சாரம் முழங்கால் மட்டும் பனியிலை நனைஞ்சிருக்கும், பெனியன் வேர்வையிலை ஊறியிருக்கும், பருத்தித்துணி ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கொண்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும். படுக்கிறதுக்கெண்டு ஒரு சோடி காய்ஞ்ச உடுப்பைப் பொலித்தீன் பையிலை கட்டித் தனிய வச்சிருங்கோ. முழுக்கை ரீசேட், அதுக்கு மேலை சுவெற்றர், கம்பளி எண்டால் நல்லது, கொஞ்சம் ஈரப்பட்டாலும் சூடு விடாது. சாரம் மட்டும் காணாது, கீழாலை திறந்து கிடக்கிற உடுப்பு எண்டபடியால் காத்து நேரை உள்ளுக்குப் போகும், உள்ளுக்கு நீட்டுக் காச்சட்டை போட்டு மேலை சாரத்தைச் சுத்துங்கோ. காய்ஞ்ச சொக்ஸ், இறுக்கமா வேண்டாம், கால் விரல் ஆடோணும். தலையிலை துவாய் கட்டிக் காதை மூடுங்கோ. ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு மட்டும் படுக்காதேங்கோ, காத்தை மறைக்கும் எண்டு நானும் செய்து பாத்தனான், வேர்வை வெளியாலை போக வழியில்லாமல் விடிய உள்ளுடுப்பெல்லாம் ஈரம். போர்வையை முகத்துக்கு மேலாலை மூடினாலும் அதே கதைதான், விடுற மூச்சின்ரை ஈரம் துணியிலை நிக்கும்.

சாராயத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேணும், எனக்குத் தெரிஞ்ச கனபேர் ரெண்டு கிளாஸ் எடுத்தால் கூதல் தெரியாது எண்டு நம்புகினம். தெரியாதுதான், ஏனெண்டால் ரத்தம் தோலுக்கு ஓடி வந்து சூடு மாதிரிக் காட்டும், உண்மையிலை உடம்பு உள்சூட்டை வெளியாலை விட்டுக்கொண்டிருக்கு. வயசாளியளுக்கு இது பயங்கரம். அதுக்குப் பதிலாச் சோத்தை வடிவாச் சாப்பிட்டு, ஒரு பிளேன்ரீயும் குடிச்சு, படுக்கமுதல் வரம்பாலை ஒருக்கா நடந்திட்டு வந்து படுங்கோ, உடம்பு சூடா ஏறினால்தான் போர்வை அந்தச் சூட்டைப் பிடிச்சு வச்சிருக்கும்.

2022 மார்கழியிலை மாண்டஸ் புயல் நேரம் வடக்குக் கிழக்கிலை நூற்றுக்கணக்கான மாடுகள் குளிருக்குச் செத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மழையிலை நனைஞ்சு காத்திலை நிண்ட மாடுகள், தோலும் மயிரும் இருந்தும் தாங்கேல்லை. அந்த மாதிரி ஒரு இரவு திரும்ப வந்தால் ஏணையும் வேண்டாம் காவலும் வேண்டாம், நெல்லுப் போனால் போகட்டும், வீட்டை வந்திடுங்கோ.

ஐயா, உங்களிட்டைக் கேக்கிறது ஒண்டுதான். கார்த்திகை முடிய முதல் இதை விவசாயப் பக்கத்திலை ஒரு படத்தோடை போடுங்கோ, ஏணைக்குக் கீழை பை எப்பிடித் தொங்கோணும் எண்டு கீறிக் காட்டினால் காணும், எழுத்து வாசிக்கேலாத பெரியாக்களும் பாத்துக் கட்டுவினம். பெரியப்பா இந்த முறையும் காவலுக்கு வாறன் எண்டுதான் நிக்கிறார், அவருக்கு ரெண்டு பை தைச்சு வச்சிருக்கிறன்.

இப்படிக்கு,
வயல்காவல் விவசாயி ஒருவன்,
முத்தையன்கட்டு.