பகடைக்குக் கண் இல்லை

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நீ எழுதியிருந்த ஒரு வரிதான் என்னை இத்தனை நாள் யோசிக்க வைத்துவிட்டது. பகடை உருட்டுகிற எந்தப் போர் விளையாட்டும் நியாயமான விளையாட்டு இல்லை, அதனால் மற்றவர்களை அழித்து உலக வரைபடத்தைப் பிடிக்கிற அந்த ரிஸ்க் பெட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தாய். எனக்கு அதை ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை, சும்மா விடவும் மனம் வரவில்லை.

உன் கோபம் புரிகிறது. எட்டுப் படையோடு போய் ஒரே ஒரு படை நின்ற நாட்டைத் தாக்கினாய், வரிசையாக ஐந்து படை போனது. நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தாக்குபவன் மூன்று பகடை, தடுப்பவன் ஒன்று என்றால், சமமாக விழுந்தால் தடுப்பவனுக்கே என்ற விதியையும் சேர்த்து, தாக்குபவன் ஜெயிப்பதற்கான வாய்ப்பு 66 சதவீதம். அதில் ஐந்து முறை தொடர்ந்து தோற்பது சுமார் 220 தடவைக்கு ஒரு தடவை நடக்கும். அபூர்வம்தான், ஆனால் நாம் இத்தனை வருஷத்தில் உருட்டிய உருட்டுக்கு அது என்றைக்காவது வந்தே தீர வேண்டும். மூன்றுக்கு இரண்டு என்று உருட்டும்போதும் தாக்குபவன் கை கொஞ்சம் ஓங்கியே இருக்கிறது: இரண்டையும் வீழ்த்துவது 37 சதவீதம், இரண்டையும் இழப்பது 29, மீதி ஆளுக்கொன்று. யார் உருட்டினாலும் இதே கணக்குதான், பகடைக்கு ஆள் பார்க்கத் தெரியாது.

ரிஸ்கில் எனக்கு உறுத்துவது அந்தப் பலகை. ஆஸ்திரேலியாவில் நாலே நாடு, ஆசியாவின் சியாம் பக்கம் ஒரே ஒரு வாசல், பிடித்து வைத்தால் சுற்றுக்கு இரண்டு படை கூடுதல். எல்லோருக்கும் மூன்று படை வருகிற நேரத்தில் அவனுக்கு ஐந்து. ஆசியாவுக்கு ஏழு படை உண்டு என்றாலும் பன்னிரண்டு நாட்டைக் கட்டிக் காக்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு எல்லை, யார் அதை ஒரு சுற்று முழுக்க வைத்திருக்கிறார்கள் சொல்? நாடுகளைச் சீட்டுப் போட்டுப் பிரிக்கும்போது ஆஸ்திரேலியாவில் மூன்று நாடு ஒருவன் கையிலேயே விழுந்துவிட்டால், முதல் பகடை உருளும் முன்பே பாதி ஆட்டம் முடிந்த மாதிரி.

இன்னொன்றும் இருக்கிறது, அது இதைவிடப் பெரியது. போன மாதம் நாங்கள் நாலு பேர் ஆடினோம். என் அக்கா மகனும் உட்கார்ந்தான். அவன் தென் அமெரிக்காவை முழுதாகப் பிடித்ததும், பேசி வைத்த மாதிரி இரண்டு பெரியவர்கள் இரண்டு பக்கமிருந்தும் இறங்கிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் பையன் காலி. அப்புறம் இரண்டு மணி நேரம் எங்களோடுதான் இருந்தான். செத்த பீரங்கிகளை ஒரு வரிசை, குதிரைகளை ஒரு வரிசை என்று பலகையின் ஓரத்தில் அடுக்குவான், கலைப்பான், மறுபடி அடுக்குவான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நான் ஆடினேன் என்பதுதான் இன்னும் மனசில் நிற்கிறது.

சரி, பகடையே இல்லாத விளையாட்டுக்கு வா. ஆலன் கால்ஹாமர் 1959-ல் சொந்தச் செலவில் 500 பெட்டி அச்சிட்டு வெளியிட்ட டிப்ளமசி உனக்குப் பிடித்ததுதானே. ஐரோப்பா வரைபடத்தில் ஏழு வல்லரசுகள், 34 வழங்கல் மையங்கள், அதில் 18 பிடித்தவன் வென்றான். எல்லோரும் கட்டளையை எழுதி ஒரே நேரத்தில் திறப்பதால் முதலில் நகர்த்துகிறவனுக்குச் சாதகம் என்ற பேச்சே கிடையாது, அதை நான் மனசார மெச்சுகிறேன். சதுரங்கத்தில்கூட முதலில் நகர்த்துகிற வெள்ளைக் காய் பக்கம் தராசு கொஞ்சம் சாய்ந்தே இருக்கிறது. ஆனால் ஆஸ்திரியாவை எடுத்து ஆடிப் பார்த்திருக்கிறாயா? ஒரு பக்கம் இத்தாலி, இன்னொரு பக்கம் ரஷ்யா, கீழே துருக்கி. மூலையில் உட்கார்ந்திருக்கிற இங்கிலாந்துக்கு அந்தக் கவலை இல்லை. ரஷ்யாவுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே நாலு படை, மற்ற ஆறு பேருக்கும் மும்மூன்று. பகடையை எடுத்துவிட்டால் நியாயம் தானாக வந்துவிடும் என்றால் அது அங்கே வந்திருக்க வேண்டும். அங்கே உன் தலையெழுத்தை எழுதுவது பக்கத்து நாட்டுக்காரன் கொடுக்கிற வாக்குறுதி. எனக்கு அதைவிடப் பகடையே மேல், அதுவாவது பொய் சொல்லாது.

என்னைக் கவர்ந்த வழி வேறு. இரண்டாம் உலகப் போரை ஆடுகிற ஆக்சிஸ் அண்ட் அல்லீஸின் பழைய பதிப்பில் அச்சு நாடுகளின், அதாவது ஜெர்மனி, ஜப்பானின் கை தாழ்ந்தே இருந்தது, ஆடிப் பழகியவர்கள் ஏலம் விட ஆரம்பித்தார்கள். எனக்கு ஆரம்பப் பணத்துக்கு மேலே இவ்வளவு கொடு, நான் அச்சு நாடுகளை ஆடுகிறேன் என்று ஒருவன் கேட்பான், அதைவிடக் குறைவாக இன்னொருவன் கேட்பான், யார் குறைத்துக் கேட்கிறானோ அவனுக்கு அந்தப் பக்கம். விதியை எழுதியவர் விட்ட ஓட்டையை ஆடுகிறவர்களே தங்களுக்குள் பேசி அடைத்துக்கொள்கிறார்கள் பார். தோற்றால் யாரையும் நோக முடியாது, விலை சொன்னது நீதானே.

அதே போரை ஆடுகிற மெமோயர் 44-ல் வழி இதைவிட எளிமை. 2004-ல் ரிச்சர்ட் போர்க் அமைத்தது, எதிராளியின் ஒவ்வொரு பிரிவை வீழ்த்தினாலும் ஒரு பதக்கம். அதில் பல போர்க்களங்கள் வரலாற்றில் இருந்தபடியே ஒருபக்கமாகச் சாய்ந்தவை, நார்மண்டிக் கரையில் இறங்குகிறவனுக்கும் மேட்டில் பதுங்குகுழிக்குள் இருப்பவனுக்கும் நிலம் எப்படி ஒன்றாக இருக்கும்? அதனால் ஒரே களத்தை இரண்டு தடவை ஆடு, நடுவில் பக்கம் மாறு, பதக்கத்தைக் கூட்டிப் பார். நான் அந்தக் கரையில் முதல் ஆட்டத்தில் இரண்டே பதக்கம் எடுத்தேன், எதிரில் இருந்தவர் அனாயாசமாக ஜெயித்தார். பக்கம் மாறினோம். இப்போது அவர் தண்ணீரில், நான் மேட்டில். அவர் கையில் இருந்த அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீ இங்கே இருந்துகொண்டா இரண்டு எடுத்தாய்?" என்று கேட்டார். பகடை அங்கேயும் உருண்டது, ஆனால் ஒருத்தரும் அதைத் திட்டவில்லை.

ரிஸ்கைப் பரணிலிருந்து இறக்கு என்று உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். அக்கா மகனோடு ஆடினால் இனி ரகசிய இலக்கு அட்டை வைத்துத்தான் ஆடுவேன், ஒருவனை அழித்தே ஆக வேண்டும் என்ற அவசியம் அதில் பெரும்பாலும் வராது. நீ அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறாயே, இரண்டு நாள் சேர்த்தே தங்கு. காலையில் ஒரு ஆட்டம், பக்கம் மாறி சாயங்காலம் ஒரு ஆட்டம். முதலில் கரையா மேடா என்பதை நீயே சொல்.

அன்புடன்,
உன் பழைய எதிராளி