சம்பளத்துக்கு ஒரு விகிதம், பங்கு லாபத்துக்கு ஒரு விகிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டின் வருமான வரிச் சுமையைப் பணக்காரர்கள்தான் தூக்குகிறார்கள், 12 லட்சம் வரை வரியே இல்லாத நடுத்தர வர்க்கத்துக்கு இதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்டு ஒரு வாசகர் எழுதிய கடிதத்தை உங்கள் நாளிதழில் படித்தேன். அவர் சொன்னதில் பாதி சரி. அதிக வருமானம் காட்டுகிற ஒரு சிறு கூட்டத்திடமிருந்துதான் வரித்தொகையின் பெரும்பகுதி வருகிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மொத்தத் தொகையைப் பார்ப்பது வேறு, ஒருவர் சம்பாதிக்கும் நூறு ரூபாயில் எத்தனை ரூபாய் வரியாகப் போகிறது என்று பார்ப்பது வேறு. ஒரு தனியார் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். இந்த இரண்டாவது கணக்கைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

எங்கள் வேலையில் பிப்ரவரி ரொம்பக் கஷ்டமான மாதம். வரிக்கழிவு கேட்டு நிதியாண்டின் தொடக்கத்தில் ஊழியர்கள் எழுதிக் கொடுத்த சேமிப்பு, வாடகை எல்லாவற்றுக்கும் அப்போதுதான் ரசீது கேட்போம். வராவிட்டால் பாக்கி வரியைக் கடைசி இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்துவிடுவோம். 2017 பிப்ரவரியில் ஒரு ஃபோர்மேன் வாடகை ரசீதுகளை ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வந்தார். ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்து ரசீது. ஒவ்வொன்றிலும் ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் கையெழுத்து. ஆனால் வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். வீட்டுக்காரர் தர மறுத்துவிட்டாராம். "நான் கொடுத்த வாடகைதானேம்மா, பொய்யா சொல்றேன்?" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் விதி அப்படி, ரசீதுக் கட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரிக்கே போனது.

அதே வருடம் ஜூலையில் முதலாளியின் வருமான வரிக் கணக்கு ஆடிட்டரிடமிருந்து என் மேசைக்கு வந்தது. பங்குச் சந்தையில் பழைய பங்குகளை விற்று அவருக்குக் கிடைத்த லாபம் ஒரு கோடிக்கு மேல். அதற்கு வரி பூஜ்யம். அவர் எதையும் மறைக்கவில்லை, ஏமாற்றவும் இல்லை. 2004 முதல் 2018 வரை, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து சந்தையில் விற்ற பங்குகளின் லாபத்துக்கு வரி கிடையாது என்பதுதான் சட்டம். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த ரசீதுக் கட்டுதான் நினைவுக்கு வந்தது. இன்றுவரை மறக்கவில்லை.

சரி, அது பழைய கதை என்பீர்கள். 2018இல் 10 சதவீத வரி வந்தது, 2024 ஜூலையில் 12.5 ஆனது. இன்றைய நிலவரத்தையும் போட்டுப் பார்ப்போம். 2025-26 நிதியாண்டு, புதிய வரிமுறை. ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 30 லட்சம். சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகக் கிடைக்கும் நிலைக் கழிவு 75,000 போக, வரியின் மேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியும் சேர்த்து அவர் கட்டுவது 4,75,800 ரூபாய். சம்பளத்தில் 15.86 சதவீதம். இன்னொருவர் சம்பளம் எதுவும் வாங்குவதில்லை. நெடுநாள் வைத்திருந்த பங்குகளை விற்று 30 கோடி லாபம் பார்க்கிறார். அதாவது முதலாமவரைப் போல நூறு மடங்கு. அவர் கட்டுவது சுமார் 4 கோடியே 48 லட்சம். தொகை பெரிதுதான். ஆனால் விகிதம் 14.9 சதவீதம்!

காரணம் எளிது. பெரும் வருமானக்காரர்களின் வரித்தொகை மேல் கூடுதலாகப் போடும் சர்சார்ஜ், இந்த லாபத்துக்கான 12.5 சதவீத வரியில் 15 சதவீதத்தோடு நின்றுவிடும். செஸ்ஸையும் சேர்த்தால் உச்சம் 14.95. முப்பது கோடி முந்நூறு கோடியானாலும் அதைத் தாண்டாது. சம்பளக்காரருக்கோ 24 லட்சத்துக்கு மேல் வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 31.2 காசு போய்விடுகிறது. அதுவும் கைக்கு வருவதற்கு முன்பே டிடிஎஸ்ஸாக. பங்கு வைத்திருப்பவர் எந்த வருடம் விற்பது என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம். விற்காதவரை வரி இல்லை. விற்காமலே அடமானம் வைத்துக் கடன் வாங்கிச் செலவு செய்யலாம், அந்தக் கடனுக்கும் வரி இல்லை. அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுத்தாலும் வரி இல்லை. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கு 1953இல் வந்த எஸ்டேட் வரி 1985இல் போனது, பணக்காரர்களின் மொத்தச் சொத்து மதிப்புக்கு 1957இல் வந்த செல்வ வரி 2015 பட்ஜெட்டில் போனது. அந்தச் செல்வ வரியில் வருடத்துக்கு ஆயிரம் கோடி அளவில்தான் வசூலானது, அதைத் தூக்கியதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அதற்குப் பதிலாகத்தான் பெரும் வருமானத்துக்கு சர்சார்ஜைக் கூட்டினார்கள். ஆனால் 5 கோடிக்கு மேல் இருந்த 37 சதவீத சர்சார்ஜையும் 2023இல் புதிய முறையில் 25 ஆகக் குறைத்துவிட்டார்கள்.

கம்பெனி ஏற்கெனவே வரி கட்டிவிட்டதே, பங்குதாரரிடம் மறுபடியும் முழுசாக வாங்குவது நியாயமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கம்பெனி வரியையும் 2019இல் 22 சதவீதத்துக்கு இறக்கிவிட்டோம். இப்போது தனிநபர் வருமான வரி வசூல் கம்பெனி வரி வசூலைத் தாண்டி நிற்கிறது.

ரிஸ்க் எடுப்பவருக்குச் சலுகை வேண்டும் என்பார்கள். நஷ்டம் வந்தால் அதை எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் சென்று லாபத்தில் கழித்துக்கொள்ளச் சட்டம் ஏற்கெனவே இடம் கொடுக்கிறது. வேலை போய் ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்தவர் அந்த ஆறு மாதத்தை அடுத்த வருடச் சம்பளத்தில் கழிக்க முடியுமா?

பழையபடி 97.75 சதவீதத்துக்குப் போகச் சொல்லவில்லை. 1973-74இல் உச்ச விகிதம் அவ்வளவு இருந்தது. அது கறுப்புப் பணத்தைத்தான் வளர்த்தது. மாதம் சில ஆயிரம் மியூச்சுவல் ஃபண்டில் போடுகிறவர்களையும் தொட வேண்டாம், வருடத்துக்கு 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு உள்ள விலக்கு அப்படியே இருக்கட்டும். நான் கேட்பது ஒன்றுதான். ஒரு வருடத்தில் 50 லட்சத்துக்கு மேல் வரும் பங்கு லாபத்துக்கு, அந்த அளவு சம்பளத்துக்குப் போடும் அதே விகிதத்தைப் போடுங்கள். சர்சார்ஜ் உச்சவரம்பையும் எடுத்துவிடுங்கள்.

பட்ஜெட்டுக்கு முன்னால் நிதி அமைச்சகம் பொதுமக்களிடம் யோசனை கேட்பது வழக்கம். மேலே சொன்ன இரண்டு கணக்கையும் ஒரே தாளில் வரிவரியாக எழுதி அனுப்பப் போகிறேன். முதல் கடிதம் எழுதிய வாசகர் கேட்டால் அவருக்கும் ஒரு பிரதி தருகிறேன். கூட்டலில் தப்பு இருந்தால் அவர் சொல்லட்டும், திருத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப் பிரிவு ஊழியர்