தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால்

தருமபுரி,
ஆடிப் பெருக்குக்கு மறுநாள்.

அன்புள்ள மாப்ளே,

உன் கடுதாசி வந்து பத்து நாள் ஆச்சு. பெரியவளுக்கு ஓசூருக்கு மாற்றல். வீடு பார்த்து, சாமான் ஏத்தி, பால் காய்ச்சிட்டுத் திரும்பறதுக்குள்ள ஒரு வாரம் போயிடுச்சு. நேத்து பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகலாம்னு உன் தங்கச்சி ஆசைப்பட்டா. பென்னாகரம் ரோட்டுல நின்ன வண்டி வரிசையைப் பார்த்துட்டு, வீட்டுக் குழாய்த் தண்ணியையே காவேரின்னு நினைச்சுக் கும்பிட்டோம். பொய்யும் இல்லை, இங்க குழாய்ல வர்றது ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்துத் தண்ணிதான்.

உன் மாருதி ஜென் காரோட வலது டெயில் லைட் பத்தி எழுதியிருந்தே. பிரேக் மிதிச்சா மங்குது, இண்டிகேட்டர் போட்டா சிவப்பும் சேர்ந்து துடிக்குது, பையன் மொத்தத்தையும் கழட்டிட்டு எல்இடி செட் மாட்டிடலாம்னு ஒத்தக்கால்ல நிக்கிறான்னு. கொஞ்சம் பொறு. இதே சீக்கு என் மாருதி 800-க்கும் வந்துச்சு. நான் பட்டதைப் படிச்சுட்டு அப்புறம் பர்ஸைத் திற.

போன வருஷம் சேலத்துல ஒரு கல்யாணம். அஞ்சரைக்கு முகூர்த்தம். நாலு மணிக்கே கிளம்பிட்டோம், கும்மிருட்டு. தொப்பூர் கணவாய்க்கு முன்னாடி சுங்கச்சாவடி வரிசையில நிக்கிறப்போ, பின்னால நின்ன கிரானைட் லாரியிலிருந்து டிரைவர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். ஏதோ சண்டைக்குத்தான் வர்றார்னு நினைச்சேன். "ஐயா, நீங்க பிரேக் புடிச்சா பின்னால லைட்டு அணையுதுங்க. எறக்கத்துல நான் உங்க பின்னாடிதான் வரணும்"னார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. தொப்பூர் இறக்கம் உனக்குத் தெரியாததா? இரட்டைப் பாலத்துக்கிட்ட வாரத்துக்கு ஒரு வண்டியாவது நசுங்கிக் கிடக்கும்னு நாம சின்ன வயசுல சொல்லிக்குவோமே. கல்லை ஏத்திக்கிட்டு இறங்கற லாரிக்கு முன்னாடி, பிரேக் போடறப்போ அணையற விளக்கோட நான்!

ஓரங்கட்டி, டீ குடிச்சு, விடிஞ்சப்புறம்தான் இறங்கினோம். தாலி கட்டினதைப் பார்க்கலை. பந்தி மட்டும் கிடைச்சுது. உன் தங்கச்சி இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டறா.

ஊருக்கு வந்து முதல்ல பல்பை மாத்தினேன். சரியாகலை. கம்பெனி மட்டம்னு கடைக்காரனைத் திட்டிட்டு வேற பல்பு போட்டேன். அதுவும் அதேதான். அப்புறம் நாலு ரோட்டுப் பக்கம் ஒரு வயசான எலக்ட்ரீசியன்கிட்ட விட்டேன். அவர் பல்பைத் தொடவே இல்லை. டிக்கியைத் திறந்து, அட்டையை விலக்கி, பாடியில முடுக்கியிருந்த ஒரு கறுப்பு ஒயரைக் காட்டினார். முனையில பச்சைக் களிம்பு, ஸ்க்ரூவைச் சுத்தித் துரு. கழட்டி, உப்புத்தாள் போட்டு ரெண்டு பக்கமும் தகரம் பளபளன்னு தெரியற வரைக்கும் தேய்ச்சு, திரும்ப முடுக்கி, மேல கொஞ்சம் கிரீஸ் தடவினார். விளக்கு ரெண்டும் புது மாப்பிள்ளை மாதிரி எரிஞ்சுது. கூலி 100 ரூபாய்.

அந்தக் கறுப்பு ஒயர்தான் எர்த். அது போனா ஏன் இப்படி ஆகுதுன்னு அவர் சொன்னதை உனக்கும் சொல்றேன். அந்த விளக்குல இருக்கிறது டபுள் காண்டாக்ட் பல்பு. உள்ள ரெண்டு கம்பி இருக்கும், ராத்திரி எரியறது 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். பல்பு மேல 21/5-ன்னு போட்டிருப்பான். ரெண்டுக்கும் பாட்டரிக்குத் திரும்பிப் போற வழி ஒண்ணேதான், அந்தக் கறுப்பு ஒயர். அது அடைச்சிக்கிட்டா கரண்டு சும்மா நிக்காது. பக்கத்துக் கம்பி வழியா, இண்டிகேட்டர் பல்பு வழியான்னு எந்தச் சந்து கிடைக்குதோ அதுல புகுந்து போகும். அதனாலதான் ஒண்ணைப் போட்டா இன்னொண்ணு மங்குது, சம்பந்தமில்லாதது துடிக்குது. நீ எழுதின அடையாளம் அப்படியே இதுதான். முதல்ல எர்த்தைத் தேய்.

ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல பிரேக் லைட் போச்சுன்னா அது வேற கதை. பல்பு ரெண்டும் பேசி வச்சுக்கிட்டுச் சாகாது. பியூஸைப் பாரு, அப்புறம் பிரேக் பெடலுக்கு மேல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், அதைப் பாரு. இண்டிகேட்டர் ஒரு பக்கம் மட்டும் படபடன்னு வேகமா அடிச்சா, அந்தப் பக்கத்துல ஒரு பல்பு போயிடுச்சுன்னு அர்த்தம்.

பல்பு மாட்டறப்போ ஒண்ணு கவனி. டபுள் காண்டாக்ட்ல பக்கத்துல இருக்கிற ரெண்டு ஊசியும் ஒரே உயரத்துல இருக்காது. ஒரு வாக்குலதான் உள்ள போகும். போகலைன்னா திருப்பிப் போடு. பழைய ஹோல்டர்ல பலவந்தமா அமுக்கித் திருப்பினா மாறிப்போய் உட்கார்ந்துடும். ராத்திரி பூரா பிரேக் வெளிச்சம் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், மிதிச்சா லேசா ஒரு மினுக்கு. பின்னால வர்றவன் குழம்பிப் போவான்.

நான் செஞ்ச முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன், சிரிச்சுக்கோ. மழைக்கு உள்ள தண்ணி இறங்குதுன்னு, விளக்கை மூடியிருக்கிற சிவப்பு பிளாஸ்டிக் கிளாஸைச் சுத்திச் சிலிகானை அப்பினேன். அடியில ஒரு பொடி ஓட்டை இருந்துச்சு, அதையும் விடலை. அது தண்ணி வடியறதுக்கு விட்ட ஓட்டைன்னு அப்போ தெரியாது. ஐப்பசி மழையில தண்ணி எப்படியோ உள்ள போயிடுச்சு, வெளியே வர வழியில்லை. பேரன் வந்து "தாத்தா, இதுல மீன் விடலாமா?"ன்னு கேட்டான். பல்பு ஹோல்டர் துருப்பிடிச்சதுக்கும் அதுதான் காரணம். கிளாஸுக்கு அடியில இருக்கிற ரப்பர் காஞ்சு போயிருந்தா அதை மட்டும் மாத்து, போதும்.

கிளாஸ் வெறும் மங்கல்தான்னா புதுசு வேண்டாம். சாயம் பிளாஸ்டிக் முழுக்க ஊறியிருக்கும், மேல்தோல்தான் வெயில்ல செத்துப் போயிருக்கும். 1000, 1500, 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணியில நனைச்சு வரிசையாத் தேய்ச்சு, கடைசியில பாலிஷ் போடு. சிவப்பு வெளுத்து ரோஸ் கலருக்கு வந்துட்டாலோ, விரிசல் விட்டிருந்தாலோ மாத்தித்தான் ஆகணும். கடைக்குப் போறப்போ பழைய கிளாஸைக் கையிலேயே கொண்டு போ. ஒரே பேர்ல வர்ற வண்டிக்கும் வருஷத்துக்கு வருஷம் கிளாஸ் மாறும். டூப்ளிகேட்ல ஸ்க்ரூ ஓட்டை ஒரு நூல் தள்ளி இருக்கும். இழுத்து முடுக்கினா அன்னைக்கே விரிசல். என் 800 உற்பத்தி 2014 ஜனவரியோட நின்னு போச்சு, ஆனாலும் சாமான் தட்டுப்பாடு இல்லை. உன் ஜென்னுக்குத்தான் கொஞ்சம் அலையணும்.

பையன் சொல்ற எல்இடியை நான் ஒரேயடியா வேண்டாம்னு சொல்லலை. பல்புக் கம்பி சூடாகிப் பிரகாசமா எரிய ஒரு விநாடியில அஞ்சுல ஒரு பங்கு ஆகும். எல்இடி மிதிச்ச கணமே எரியும். 80-ல வர்றவனுக்கு அந்த நேரத்துல நாலு மீட்டருக்கு மேல மிச்சம், என் 800-ஓட நீளத்தை விட அதிகம். ஆனா கம்பி பல்புக்குன்னு செஞ்ச கிண்ணத்துல எல்இடி பல்பைச் சொருகினா வெளிச்சம் ஒரே பக்கமாப் போகும், ஓரத்திலிருந்து பார்த்தா இருட்டா இருக்கும். சிவப்புக் கிளாஸுக்குள்ள வெள்ளை எல்இடி போட்டா நிறமும் வெளுத்துத் தெரியும். இண்டிகேட்டர்லயும் எல்இடி போட்டா, கரண்டு கம்மியா இழுக்குறதால பல்பு போன மாதிரியே படபடக்கும். எப்சின்னு தகுதிச் சான்றுக்குப் போறப்போ இதெல்லாம் கண்ணுல படும். உன் வண்டிக்கு 15 வருஷம் எப்பவோ தாண்டிடுச்சு, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தரம் போய் நிக்கணுமே. பின்விளக்கு 155 மீட்டர் தூரத்துல தெரியணும்னு விதி இருக்கு. 80-ல வர்றவனுக்கு அது ஏழு விநாடி.

இதை எழுதறப்போ பாலக்கோடு ரோட்டுக் கரும்பு டிராக்டருங்க ஞாபகம் வருது. விளக்கு இருந்தாலும் தோகை தொங்கி மூடியிருக்கும். இருட்டுல மலை மாதிரி திடீர்னு முன்னால நிக்கும். ஓட்டறவரைக் கேட்டா "எரியுதே"ம்பார். அவர் உட்கார்ந்திருக்கிற இடத்துலிருந்து அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கு மட்டும் தெரிஞ்சுதா என்ன, லாரிக்காரர் வந்து தட்டற வரைக்கும்.

அதனால இப்போ ஒரு பழக்கம் வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை பொழுது சாஞ்சதும் பின்பக்கத்தை மதில் சுவரைப் பார்த்து நிறுத்தி, பிரேக்கை மிதிச்சு, கண்ணாடியில சுவரைப் பார்ப்பேன். ரெண்டு சிவப்பும் ஒரே அளவுல விழணும். சுவர் இல்லாத இடத்துல சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துட்டு இறங்கிப் போய்ப் பார்க்கலாம்.

செகண்ட் ஷோ முடிஞ்சு சைக்கிள்ல டபுள்ஸ் வருவோமே, ஞாபகம் இருக்கா? டைனமோ முன்னால மட்டும்தான் எரியும். நீ கேரியர்ல பின்பக்கமாத் திரும்பி உட்கார்ந்து, டார்ச்சுல சிவப்புப் பட்டக் காகிதத்தைச் சுத்திப் பிடிச்சுக்கிட்டு, "பஸ் வருதுடா, ஓரம் போ"ன்னு கத்துவே. அந்த டார்ச் உங்கப்பாவோடது. ஒரு நாள் பள்ளத்துல விட்டு உடைச்சது நான்தான், நீ அடி வாங்கினே. அதுக்கு இன்னும் மன்னிப்புக் கேட்கலை.

தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லு. இந்தத் தடவை பெங்களூரா மாங்கா நிறையக் கிடைச்சுது, இங்க உன் தங்கச்சி ஊறுகாய் போட்டிருக்கா. ஆவணியில ஜென்னையே எடுத்துக்கிட்டு வாங்க, ஆனா எர்த்தைத் தேய்ச்சுட்டுக் கிளம்பு. பகல்லயே தொப்பூர் ஏறிடு.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்

பி.கு.: அந்தக் கறுப்பு ஒயரைக் கழட்டறதுக்கு முன்னாடி விளக்கையெல்லாம் அணைச்சுடு. ஸ்க்ரூ இறுகியிருந்தா மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடு. தலை மழுங்கிப் போச்சுன்னா என்னைத் திட்டாதே.