அடிமைகளை விற்றவர் மகனுக்கு எழுதியது

அன்புள்ள சுந்தரம்,

உன் மகளுக்குத் திண்டுக்கல்லுக்கே மாற்றல் கிடைத்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது, இனி பேரன் உன் மடியில்தான் வளர்வான். இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி மட்டும் விடவில்லை, அதனால் பகல் முழுக்கப் படிப்புதான்.

இப்போது படிப்பது ஹென்றி லாரன்ஸ் என்பவரைப் பற்றி. தென் கரோலினாக்காரர். சார்ல்ஸ்டனில் வியாபாரம், கூப்பர் ஆற்றங்கரையில் மெப்கின் என்ற பெரிய பண்ணை, 1777-78இல் அமெரிக்க காங்கிரஸுக்கே தலைவர். பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க சுதந்திரப் போருக்காக 1780இல் ஹாலந்துக்குக் கடன் கேட்கப் போனவரை பிரிட்டிஷார் நடுக்கடலில் பிடித்து லண்டன் கோபுரத்தில் அடைத்தார்கள். பிறகு அவருக்கு ஈடாக விடுவிக்கப்பட்டவர் யார் தெரியுமா, அமெரிக்கர்களிடம் சரணடைந்திருந்த பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ்! 1792இல் திப்புவிடமிருந்து உங்கள் திண்டுக்கல்லைப் பறித்த அதே ஆள்தான்.

சிறைக்கதையை விட என்னைத் தூங்கவிடாதது வேறு. 1750களில் இவருடைய கம்பெனி ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்களைக் கப்பலிலிருந்து இறக்கி விற்றது. அப்படிப் பணம் சேர்த்தவர் 1776 ஆகஸ்டில் மகன் ஜானுக்கு எழுதுகிறார், அடிமை முறையை நான் வெறுக்கிறேன் என்று. தன் அடிமைகளை நாளைக்கே ஏலம் விட்டால் 20,000 பவுண்டு தேறும் என்ற கணக்கும் அதே கடிதத்தில் இருக்கிறது. எவ்வளவை இழக்கத் துணிகிறேன் பார் என்று காட்டத்தான் அந்தக் கணக்கு, மனசில் இல்லாததை எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விடுதலை பெற்றவர்கள் வெகு சிலர்தான்.

மகன் அதை வார்த்தையோடு விடவில்லை. எனக்கு வரவேண்டிய சொத்தை இப்போதே ஆட்களாகக் கொடுங்கள், படைவீரர்களாக்கி விடுதலை தருகிறேன் என்று 1778இல் அப்பாவிடமே கேட்டான். தென் கரோலினா சட்டசபை அவன் திட்டத்தை ஏற்கவே இல்லை. 1782இல், போர் ஏறக்குறைய முடிந்துவிட்ட நேரத்தில், ஒரு சின்ன மோதலில் செத்துப்போனான், வயது 27.

அப்பா 1792இல் இறந்தார். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், உடலை எரிக்க வேண்டும் என்று உயிலில் எழுதியிருந்தார். அவர் காலத்து அமெரிக்க வெள்ளையர் நினைத்தும் பார்க்காத காரியம், ஆனாலும் மெப்கினில் எரித்தார்கள். எனக்கு அங்கேதான் கோபம் வருகிறது சுந்தரம். தன் உடலுக்காக ஊர் வழக்கத்தை மீறியவர் அந்த மனிதர்களுக்காகவும் மீறியிருக்கலாமே.

ஜானைப் பற்றி இன்னும் நிறைய இருக்கிறது, அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மறக்காமல் எழுது.

அன்புடன்,
ராமு