புட்டிக்குள் அடைத்த பிரபஞ்சம்

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் ‘விரில்’ பற்றிய கட்டுரையைப் படித்தேன். அண்டமெங்கும் நிறைந்த புனிதப் பொருள், ஆதி ஞானிகள் அறிந்தது, தீராத நோயையும் தீர்ப்பது என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். அது பிறந்த ஊரை மட்டும் சொல்லவில்லை.

அது பிறந்தது ஒரு நாவலில். எட்வர்ட் புல்வர் லிட்டன் என்ற ஆங்கிலேயர் 1871இல் தம் பெயரைப் போடாமல் வெளியிட்ட கற்பனைக் கதை. பூமிக்கடியில் வாழும் ஓர் இனத்தார் கையில் விரில் இருக்கிறது. அதைக்கொண்டு அவர்கள் விளக்கேற்றுவார்கள், நோயை ஆற்றுவார்கள், வேண்டுமானால் ஒரு நகரத்தையே சாம்பலாக்குவார்கள். கதை நன்றாக ஓடியது. மாட்டிறைச்சிச் சாறு விற்ற ஒருவர், மாட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு இதை ஒட்டி ‘போவ்ரில்’ என்று தம் சரக்குக்குப் பெயரே வைத்துவிட்டார். அவராவது புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்லி விற்றார்.

மற்றவர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. பிரம்மஞான சபையைத் தம்மோடு சேர்ந்து தொடங்கிய ஒல்கொட்டுடன் 1880இல் இலங்கைக்கு வந்து, காலி நகரில் பஞ்சசீலம் எடுத்துப் பௌத்தத்தைத் தழுவிய பிளவாட்ஸ்கி அம்மையார், பெயர் கற்பனையாக இருக்கலாம், சக்தி உண்மைதான் என்று 1888இல் எழுதினார். ஜெர்மனியிலிருந்து வெளியேறிய அறிவியல் எழுத்தாளர் வில்லி லே, பெர்லினில் விரிலைத் தேடிய ஒரு குழுவைப் பற்றி 1947இல் எழுதியிருக்கிறார். இரண்டாக அறுத்த ஆப்பிளை உற்றுப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதுதான் அவர்களுடைய சாதனையாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலையகத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடுவது எப்படி? அந்த நாவலாசிரியரின் மகன்தான் இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபு. தாது வருஷப் பஞ்சத்தில் தமிழகம் செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் நடத்திக் கொண்டாடியவர். அந்தப் பஞ்சத்துக்குத் தப்பிக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழிவந்தவர்கள் இந்த மலைகளில் ஏராளம். தகப்பன் கற்பனை செய்த சக்தியில் ஒரு சொட்டுக்கூட அன்றைக்கு நம்மவர் கஞ்சிக் கலயத்தில் விழவில்லை.

நான் நாத்திகன் அல்லன். காலையில் திருநீறு பூசாமல் வெளியே இறங்கமாட்டேன். ஆனால் திருநீறு சாணத்தைச் சுட்ட சாம்பல் என்று எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்துதான் பூசுகிறோம். நட்சத்திரத்திலிருந்து இறங்கியது என்று யாரும் விலை போடுவதில்லை.

நீங்கள் எழுதிய பொருளுக்கு விலை இருக்கிறது. எங்கள் பக்கத்து லயத்தில் கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர், டவுனில் யாரோ விற்ற ‘விரில் தீர்த்தம்’ என்ற சிறு புட்டியை வாங்கி வந்திருக்கிறார். இரண்டு நாள் வேலைக்குப் பேர் போட்டால் கிடைக்கும் சம்பளம் அதற்குப் போயிற்று. அவருக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம். தீர்த்தம் குடிப்பதால் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார், இந்த மாதக் கிளினிக்குக்கும் போகவில்லை. நான் கேட்டதற்கு, “பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள் சேர்” என்று சுவரைக் காட்டினார். மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் உங்கள் கட்டுரையை வெட்டி ஒட்டியிருந்தார்.

நாவல் கதையைச் சொன்னேன். சிரித்தார். ஒரு பழைய வாத்தியாரின் பேச்சு அச்சுக்கு முன்னால் எம்மாத்திரம்?

ஆகவே ஒரு வேண்டுகோள். விரில் ஒரு கதாசிரியரின் கற்பனை என்பதை அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவில், அதே பெரிய எழுத்தில் போடுங்கள். கடைசிப் பக்கத்து மூலையில் இரண்டு வரித் திருத்தம் வேண்டாம். அக்கா அதையும் வெட்டி ஒட்டுவார்.

ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
மஸ்கெலியா