ஒட்டுத்தாள் ஒட்டிய மார்க் நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனி இரண்டான கதையைச் சென்ற இதழில் படித்தேன். 1948 ஜூனில் சோவியத் படை பெர்லினுக்குப் போகும் சாலையையும் ரயிலையும் அடைத்ததில் தொடங்கி, அமெரிக்கா–ரஷ்யா சண்டையாகவே கட்டுரை முடிந்துவிட்டது. பிரான்ஸின் பெயர் ஒரு வரியில்கூட இல்லையே என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை நான்கு மண்டலங்களாக ஆண்டாலும் பொருளாதாரத்தில் ஒரே நாடாகவே நடத்துவது என்று 1945 போட்ஸ்டாம் மாநாட்டில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் மூன்றும் ஒப்புக்கொண்டன. பிரான்ஸை அங்கே அழைக்கவில்லை. ஆனால் பெர்லினில் இருந்த நால்வர் கட்டுப்பாட்டுக் குழுவில் அதற்கும் இடம் உண்டு. ஒருவர் மறுத்தாலும் எதுவும் நகராது. நாடு முழுவதற்கும் ஒரே ரயில் நிர்வாகம் வைக்கலாம் என்ற பேச்சு அந்த வருடக் கடைசியில் வந்தபோது முடியாது என்றது பிரான்ஸ்தான். 1870, 1914, 1940 என்று மூன்று முறை ஜெர்மன் படை உள்ளே வந்து பார்த்த நாடு அது. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

மற்றவர்களுக்கும் அவரவர் காயம் இருந்தது. இரண்டு கோடிக்கும் மேல் மக்களை இழந்த சோவியத், நஷ்ட ஈடாகத் தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலேற்றியது. போர்க்காலத்தில்கூட ரொட்டிக்கு ரேஷன் வைக்காத பிரிட்டன், தன் மண்டலத்து ஜெர்மானியருக்கும் கோதுமை தேட வேண்டிய நிலையில் 1946-இல் சொந்த மக்களுக்கே அதைக் கொண்டுவந்தது.

அப்புறம் பணம். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பழைய நோட்டுகள் சேர்ப்பவன். பழைய மார்க்குக்கு மதிப்பே போய், சிகரெட்டுக்குத்தான் சாமான் கிடைத்த காலம் அது. புதுப் பணம் வேண்டும் என்பதில் நால்வருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கே அச்சடிப்பது, யார் கண்காணிப்பில் என்பதில்தான் பேச்சு முறிந்தது. 1948 மார்ச் 20 அன்று சோவியத் மார்ஷல் சோகோலோவ்ஸ்கி கட்டுப்பாட்டுக் குழுக் கூட்டத்தைவிட்டு எழுந்து போனார். அமெரிக்கா அதற்குள் தன் நாட்டிலேயே நோட்டு அடித்து, மரப்பெட்டிகளில் கப்பலேற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தது. ஜூன் 20 அன்று மேற்கு மண்டலங்களில் தலைக்கு 40 புது மார்க் கொடுத்தார்கள். நூறு பழைய மார்க் சேமிப்பு வைத்திருந்தவருக்குக் கடைசியில் கைக்கு வந்தது ஆறரை மார்க்.

சோவியத் வசமிருந்த கிழக்கு மண்டலத்தில் புது நோட்டு தயாராக இல்லை. பழைய நோட்டிலேயே தபால்தலை அளவு ஒட்டுத்தாளை ஒட்டிக் கொடுத்தார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் சுவரொட்டுத்தாள் மார்க். என்னிடம் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. ஒட்டுத்தாளின் ஒரு முனை பெயர்ந்து நிற்கிறது. விரல் வைத்தால் உதிர்ந்துவிடுமோ என்று தொடவே பயமாக இருக்கும். அந்த வாரம் பெர்லின் கடைக்காரர் ஒரே கல்லாவில் இரண்டு நாட்டுப் பணத்தை வாங்கிப் போட்டிருக்கிறார். அப்போது இரண்டு நாடு பிறக்கவில்லை. அதற்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆஸ்திரியாவைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். அங்கும் இதே நால்வர்தான் பத்து வருடம் இருந்தார்கள். ஆனால் 1955 மே மாதம் வியன்னாவில் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டு, அந்த இலையுதிர்காலத்துக்குள் படையோடு கிளம்பிவிட்டார்கள். நாடு ஒன்றாகவே நின்றது. ஆஸ்திரியாவில் முடிந்தது ஜெர்மனியில் ஏன் முடியவில்லை என்று விளக்கமாகப் படிக்க ஆசைப்படுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற காசாளர்,
கும்பகோணம்