பயிற்றுநருக்குச் சான்றிதழ் வேண்டும், ஆனால் எப்போது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்பயிற்சி நிலையங்களில் கற்பிப்போரின் தகுதியை உயர்த்துவது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அரசு ஐ.டி.ஐ. ஒன்றில் ஃபிட்டர் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கட்டுரையின் நோக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால், பயிற்றுநருக்கான சான்றிதழை வேலைக்கு வருமுன்பே கேட்பதா, வேலையில் சேர்த்துக்கொண்டு பெறச் செய்வதா என்ற கேள்வியைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. என் அனுபவத்தில் மற்றெல்லாமே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

இப்போதுள்ள விதி இதுதான். மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்குநரகம் வெளியிடும் பாடத்திட்டங்களின்படி, ஒரு தொழிற்பிரிவின் பயிற்றுநராகப் பொறியியல் பட்டதாரி வரலாம், அவருக்கு ஓராண்டுப் பணி அனுபவம் போதும். டிப்ளமா படித்தவருக்கு இரண்டாண்டும், ஐ.டி.ஐ. அல்லது அப்ரண்டிஸ் சான்றிதழ் பெற்றவருக்கு மூன்றாண்டும் அனுபவம் வேண்டும். யூனிட் எனப்படும் மாணவர் குழுக்கள் இரண்டுக்கு இரண்டு பயிற்றுநர்கள் என்றால், ஒருவர் பட்டமோ டிப்ளமாவோ பெற்றவராகவும் மற்றவர் ஐ.டி.ஐ. அல்லது அப்ரண்டிஸ் வழியில் வந்தவராகவும் இருக்க வேண்டும். இருவருமே சி.ஐ.டி.எஸ். எனப்படும் ஓராண்டுப் பயிற்றுநர் பயிற்சியை முடித்துத் தேசியச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஏட்டறிவும் கைத்திறனும் ஒரே பட்டறையில் அடுத்தடுத்து நிற்க வேண்டும் என்று நினைத்த அந்த 'ஒருவருக்கு ஒருவர்' ஏற்பாடு, இந்த விதிகளிலேயே அறிவார்ந்தது என்பேன். தகுதியை உயர்த்துகிறோம் என்ற பெயரில் யாரும் அதில் கை வைத்துவிடக் கூடாது.

சி.ஐ.டி.எஸ். வெறும் சடங்கு என்று சொல்வோர் உண்டு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பம்பு தயாரிக்கும் ஆலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் பயிற்றுநராக வந்த ஒருவரைப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. அவர் அரம் போட்ட இரும்பின் மேல் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒரு கீற்று ஒளிகூடக் கசியாது. மாணவர்கள் போட்டால் நடுவில் மேடு தட்டும். ஏன் என்று கேட்டால், "என் கையைப் பார், இப்படித்தான்" என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. பையன்களும் பார்த்தார்கள், மேடு மட்டும் போகவில்லை. பின்னர் துறை அவரைப் பயிற்சிக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர் முதல் வேலையாக ஒவ்வொரு மாணவனின் முழங்கை உயரத்துக்கும், இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் வாய் உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தார். குள்ளமான பையன்களுக்கு நிற்கப் பலகை போட்டார். அரத்தைத் தள்ளத் தொடங்கும்போது நுனியைப் பிடித்த இடக்கையில் அழுத்தம் கூடுதலாகவும், பாதித் தூரத்தில் இரு கைகளிலும் சமமாகவும், முடிவில் பிடியைப் பற்றிய வலக்கையில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்பதை எண்ணிச் சொல்லிக் கொடுத்தார். அத்தனை ஆண்டுகளாக அவர் கை செய்துவந்ததுதான் இது. சொல்வதற்கு வாய்க்கு ஓராண்டுப் பயிற்சி தேவைப்பட்டது.

இதற்கு நேர்மாறானவரையும் கண்டிருக்கிறேன். துளையிடும் டிரில் பிட்டின் முனைக்கோணம் 118 டிகிரி என்று கரும்பலகையில் அழகாக வரைந்து காட்டிய பட்டதாரி, மழுங்கிய பிட் ஒன்றைக் கிரைண்டரில் தீட்டச் சொன்னபோது உதவியாளரைத் தேடினார். எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் இவரைப் போன்றவர்கள்தான் தேர்வாகி வருவார்கள்.

அப்படியென்றால் சான்றிதழும் வேண்டும், பட்டறை அனுபவமும் வேண்டும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. குடும்பத்தைச் சுமக்கும் நடுத்தர வயதுத் தொழிலாளி, வாங்கும் சம்பளத்தை விட்டுவிட்டு நுழைவுத் தேர்வு எழுதி, ஓராண்டு விடுதியில் தங்கிப் படித்து, கடைசியில் கிடைக்குமா என்பதே தெரியாத வேலைக்காகக் காத்திருப்பாரா? மாட்டார். அப்படிக் காத்திருக்க முடிந்தவர்கள் படிப்பை முடித்த கையோடு வருகிற இளைஞர்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் விதி யாரைத் தேடுவதாகச் சொல்கிறதோ, அவரையே வாசலில் நிறுத்திவிடுகிறது. சான்றிதழ் உள்ளவர் கிடைக்காத இடங்களில் நடப்பதும் ஊரறிந்ததே: தொகுப்பூதியத்தில் ஒருவரை வைத்துச் சமாளிப்பார்கள். நான் பார்த்த ஒரு தனியார் நிலையத்தில், ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் சான்றிதழோடு ஒருவர் பட்டறையில் நிற்பார். மாணவர்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

இங்கிலாந்து இதே வழியில் முன்னும் பின்னுமாக நடந்து பார்த்திருக்கிறது. அங்குள்ள தொழிற்கல்விக் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் ஆசிரியர்கள் கற்பித்தல் தகுதி பெற வேண்டும் என்று 2001-இல் விதி வந்தது. 2007-இல் அதை இன்னும் இறுக்கி, பணியில் சேர்ந்த ஐந்தாண்டுகளுக்குள் முழுத் தகுதியையும் உரிமத்தையும் பெற வேண்டும் என்றார்கள். லிங்ஃபீல்டு பிரபு தலைமையிலான குழு 2012-இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 2013-இல் கட்டாயத்தையே நீக்கி, முடிவைக் கல்லூரிகளிடம் விட்டுவிட்டார்கள். 2024-இல் புதிய ஆசிரியப் பட்டயம் வந்திருக்கிறது. இத்தனை மாற்றங்களை நாமும் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்த 2007 விதியில், கொத்தனாரோ மின்பணியாளரோ முதலில் வேலைக்கு வந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே, குறித்த காலத்துக்குள் கற்பிக்கக் கற்றுக்கொள்ள வழி இருந்தது. அதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளலாம்.

பணமில்லை என்று இப்போது சொல்ல முடியாது. 1,000 அரசு ஐ.டி.ஐ.களை மேம்படுத்த ஐந்தாண்டுகளில் 60,000 கோடி ரூபாய் செலவிடும் திட்டத்துக்கு 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சி தருவதும் அதில் அடக்கம். தமிழ்நாட்டில் 71 அரசு நிலையங்கள் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் ரோபோக்களும் நவீன எந்திரங்களும் பெற்றிருக்கின்றன. கட்டடமும் எந்திரமும் திறப்பு விழாவில் கண்ணுக்குத் தெரியும், பயிற்றுநரின் ஓராண்டுப் படிப்பு தெரியாது. ஆகவே அந்தத் தலைப்பில் பணம் மிச்சமாகி வேறெங்காவது போய்விடுமோ என்பதே என் அச்சம்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஐ.டி.ஐ. வழியில் வந்த, பத்தாண்டுக்குக் குறையாத பணி அனுபவம் உள்ளவர்களைச் செய்முறைத் தேர்வு வைத்து நேரடியாகப் பணியில் சேர்க்க வேண்டும். மூன்றாண்டுக்குள் சி.ஐ.டி.எஸ். முடிப்பதை நிபந்தனையாக்கி, அதை ஒரே மூச்சில் ஓராண்டாக அல்லாமல் பகுதி பகுதியாக, முழுச் சம்பளத்தோடு படிக்க விட வேண்டும். அவர் பயிற்சிக்குப் போகும் வாரங்களில் வகுப்பு நின்றுவிடாதபடி மாற்று ஆளுக்கும் இப்போதே நிதி ஒதுக்க வேண்டும். இதைச் செய்யாமல் நிபந்தனையை மட்டும் விதித்தால், பயிற்சிக்கு விடுவிக்க மனமில்லாத முதல்வர்களும் காலக்கெடு தாண்டிய பயிற்றுநர்களும்தான் மிஞ்சுவார்கள்.

ஆய்வுக்கு வரும் அலுவலர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சான்றிதழ்க் கோப்பைப் புரட்டுமுன் பட்டறைக்குள் வந்து, பயிற்றுநர் கையில் மழுங்கிய டிரில் பிட் ஒன்றைக் கொடுத்துத் தீட்டச் சொல்லுங்கள். பிறகு அதையே அருகில் நிற்கும் மாணவன் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர் ஒருவர்
(ஃபிட்டர் பிரிவு)